ரூட்ஸ் மூன்று வருடம், சென்ட்ரிஃபியூகல் இரண்டு வருடம்: என் சிவிக் கணக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இப்போது என் காரில் இருப்பது மறுபடியும் அந்தப் பழைய ரூட்ஸ் சூப்பர்சார்ஜர்தான். சூப்பர்சார்ஜர் என்றால் என்ஜினோடு பெல்ட்டில் சுற்றி, அதற்குள் கூடுதல் காற்றைத் தள்ளிச் சக்தியைக் கூட்டுகிற கருவி; ரூட்ஸ், சென்ட்ரிஃபியூகல் இரண்டும் அதன் வகைகள். நடுவில் இரண்டு வருடம் சென்ட்ரிஃபியூகல் மாட்டி ஓட்டினேன். என்ஜின் சக்தியை அளக்கிற டைனோவில் அதுதான் அதிகம் காட்டியது, டிராக்கிலும் அதுதான் வேகம், ஆனாலும் கழற்றிவிட்டேன். ஏன் என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் டீக்கடையில் நின்று கதை சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

கார் 2009 ஹோண்டா சிவிக், 1.8 லிட்டர், மேனுவல். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்குகிற விகிதம், 10.5க்கு 1. இந்த எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். வீடு சேலத்தில் அஸ்தம்பட்டி பக்கம். ஞாயிறு விடிகாலை ஏற்காடு, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கோவை காரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக், வருடத்துக்கு ஒரு தடவை முடிந்தால் சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக். மற்ற நாளெல்லாம் ஐந்து ரோட்டு டிராஃபிக்தான். எக்ஸாஸ்ட் புகையால் சுற்றி இதே வேலையைச் செய்கிற டர்போ ஏன் போடவில்லை என்றால், எக்ஸாஸ்ட் பக்கம் எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும், அந்தச் சூட்டையும் சேலத்து வெயிலோடு சேர்த்து பானட்டுக்குள் வைத்துக்கொள்ள மனம் வரவில்லை.

சூப்பர்சார்ஜரில் மூன்று வகை இருக்கிறது. ரூட்ஸ் வகையை 1860இல் அமெரிக்காவில் இந்தியானாவைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் காப்புரிமை வாங்கினார்கள். அப்போது காரே கிடையாது, இரும்பு உலைக்குக் காற்று ஊதத்தான் அதை வாங்கினார்கள். ஸ்டீல் பிளான்ட் இருக்கிற ஊர்க்காரனுக்கு அந்தச் சொந்தம் ஒன்று போதும். அது காற்றை உள்ளே அமுக்குவதில்லை, வாளியில் மொண்டு மொண்டு ஊற்றுகிற மாதிரி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளுகிறது. மேனிஃபோல்டில், அதாவது என்ஜினுக்குக் காற்று போகிற குழாயில், ஏற்கெனவே நெருக்கிக்கொண்டு நிற்கிற காற்று, உள்ளே சுற்றுகிற ரோட்டர் வாய் திறந்ததும் திரும்பிப் பாய்ந்து முட்டும், அங்கேதான் சூடு பிறக்கிறது. நன்மை என்னவென்றால் ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று கணக்காகத் தள்ளுவதால் 2000 ஆர்பிஎம்மிலேயே (நிமிடத்துக்கு என்ஜின் சுற்று) பூஸ்ட், அதாவது கூடுதல் காற்றழுத்தம், கிட்டத்தட்ட முழுசாக வந்துவிடும்.

ட்வின் ஸ்க்ரூ, 1930களில் சுவீடன் நாட்டு லிஸ்ஹோம் கொண்டுவந்த வழி. திருகு மாதிரி இரண்டு ரோட்டர், காற்றை உள்ளேயே அமுக்கி அனுப்புவதால் ரூட்ஸை விடச் சூடு குறைவு. விலையைக் கேட்டதும் மூடி வைத்துவிட்டேன். அதோடு காற்றைத் திருப்பிவிடுகிற பைபாஸ் வால்வு திறந்து சும்மா ஓட்டும்போதும் அது உள்ளே அமுக்கிக்கொண்டே இருக்கும், அதற்கு இழுக்கிற பெட்ரோல் நம் காசு.

சென்ட்ரிஃபியூகல் என்பது பாதி டர்போ. டர்போவின் அமுக்குகிற பாதியை எடுத்து பெல்ட்டில் மாட்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வேகத்தைப் பல மடங்காக்க கியர் இருக்கும். டென்மார்க்கின் ரோட்ரெக்ஸ் கம்பெனியோ பல்லே இல்லாமல் உருளைகளின் உராய்விலேயே சுற்ற வைக்கிறது. இதன் குணத்தை ஒரே வரியில் சொல்லலாம்: ஆர்பிஎம் பாதியானால் பூஸ்ட் கால்வாசி. 6600இல் 7 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) தருவது 3300இல் இரண்டைக்கூடத் தொடாது. வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். தெரிந்தும் வாங்கினேன், அதுதான் வேடிக்கை.

முதலில் ரூட்ஸ். பழைய ஜெர்மன் கார் ஒன்றிலிருந்து கழற்றிய சரக்கு, சுற்றுக்கு ஒரு லிட்டர் தள்ளும். என் என்ஜின் ஒரு சுற்றுக்கு இழுப்பது 900 சிசி, அதனால் கிராங்க், அதாவது என்ஜின் தண்டு, ஒரு சுற்றுக்கு இது 1.25 சுற்று என்கிற மாதிரி புல்லி வைத்தோம், கீழே சேலத்தில் 6 பிஎஸ்ஐ சொச்சம் வந்தது. பிராக்கெட் செய்தது செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு லேத் பட்டறை. அங்கே இருக்கிற அண்ணன் முதல் நாளே, "தம்பி, புல்லி மூணும் நூல் புடிச்ச மாதிரி ஒரே நேர்ல நிக்கோணும், ஒரு மில்லி சாஞ்சாலும் பெல்ட்டு உன்னை ரோட்டுல நிறுத்திடும்" என்றார். சாய்ந்ததற்குக் காரணம் அவர் இல்லை. வீட்டில் நானே ஒரு முறை கழற்றி மாட்டும்போது வாஷர் ஒன்றை விட்டுவிட்டேன். அடிவாரம் தாண்டிப் பாதி மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் பெல்ட் பிடுங்கிக்கொண்டது. வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர் எல்லாமே அதே பெல்ட்டில், ஆக சூப்பர்சார்ஜர் மட்டும் போகவில்லை, வண்டியே போய்விட்டது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன்கூட அடிக்காமல் நின்றுகொண்டு பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குத் திட்டியிருக்கலாம். நீங்கள் எந்த வகை போட்டாலும் அதற்குத் தனி பெல்ட் கொடுங்கள். கம்பெனி பெல்ட் அதன் வேலையைப் பார்க்கட்டும்.

ஆனால் அந்த மலையில் ரூட்ஸ் எப்படி என்று கேட்டால், அடடா. ஏற்காடு ஏறுவதற்கு 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் இரண்டாம் கியர், 2200 முதல் 4000 வரைதான் என்ஜின் சுற்றும். வளைவில் வண்டியைத் திருப்பிவிட்டுக் காலை வைத்தால் உடனே இழுக்கிறது, காத்திருப்பு கிடையாது, மூன்று லிட்டர் வண்டி ஓட்டுகிற மாதிரி. ரேஸ் ஓட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம், ஏறுகிற பஸ்ஸை முந்த ஒரு சின்ன நேர் ரோடு கிடைத்தால் முடித்துவிட்டு ஒதுங்கிவிடலாம், அவ்வளவுதான் தேவை. மேலே ஊர் கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம். அங்கே காற்று கடல் மட்டத்தில் இருப்பதில் 85 சதவீதம் போலத்தான், சாதாரண வண்டிக்கு மூச்சு வாங்கும். பூஸ்ட் மீட்டரில் கீழே 6 காட்டியது மேலே 5 காட்டும், முதல் தடவை எங்கோ லீக் என்று நினைத்து ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திக் கிளாம்ப்பை எல்லாம் முறுக்கிப் பார்த்தேன். லீக் எல்லாம் இல்லை. ரூட்ஸ் தருவது உள்ளே வருகிற காற்றுக்கு இத்தனை மடங்கு என்கிற கணக்கு, அந்தக் காற்றே மெலிந்தால் மீட்டரும் அதே அளவு இறங்கும்.

இனி அதன் வில்லத்தனம். ஏப்ரல் மாதம், வெளியே 40 டிகிரி, அமுக்கிய காற்றை ஆற்றுகிற இன்டர்கூலர் இல்லாமல் முதல் வருடம் ஓட்டினேன். மேனிஃபோல்டில் வைத்த சென்சார் 95 டிகிரிக்கு மேல் காட்டியது. 10.5 கம்ப்ரஷன் என்றேனே, அது இங்கேதான் கடிக்கிறது: குறைந்த ஆர்பிஎம், முழு பூஸ்ட், வெந்த காற்று, மூன்றும் சேர்ந்தால் நாக்கிங்தான், பெட்ரோல் தானாகவே வெடித்து என்ஜினைத் தட்டும். இக்னிஷனைப் பின்னுக்கு இழுத்து, அதாவது ஸ்பார்க்கைத் தாமதமாக்கி, 95 ஆக்டேன் பெட்ரோலுக்கு மாறிச் சமாளித்தோம், ஆனால் பின்னுக்கு இழுக்க இழுக்கப் போட்ட காசு புகையாகப் போகிறது. காரியில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. சுமார் 2.1 கிலோமீட்டர் டிராக், வண்டிக்கு மூச்சுவிட நேரமே இல்லை. முதல் இரண்டு சுற்று நான் ராஜா, நான்காவது சுற்றில் எனக்குப் பின்னால் வந்த பழைய ஸ்விஃப்ட் பையன் கை காட்டிவிட்டுப் போனான்.

அந்தக் கடுப்பில்தான் சென்ட்ரிஃபியூகல். கியர் வகை, தன் எண்ணெயைத் தானே வைத்துக்கொள்வது, முன்னால் காற்றில் ஆறுகிற இன்டர்கூலரோடு. டியூன் செய்தவர் சிரமமே இல்லை என்றார், காரணம் கீழ் ஆர்பிஎம்மில் பூஸ்டே இல்லாததால் நாக்கிங் பயமும் இல்லை, கனெக்டிங் ராடுக்கும் கிளட்சுக்கும் திடீர் அடி இல்லை. கம்பெனி என்ஜினைத் திறக்காமல் ஓட்டுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஐந்து ரோட்டில் சாதாரண சிவிக் மாதிரியே நடந்துகொண்டது, மைலேஜ் ரூட்ஸை விட லிட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர் கூட. இருங்காட்டுக்கோட்டையில், அந்த 3.7 கிலோமீட்டர் டிராக்கின் நேர் ரோட்டில், 5000க்கு மேல் அது விசிலடித்துக்கொண்டு போன போக்கில் நான் பிரேக் இடத்தையே இரண்டு தடவை தவறவிட்டேன். பத்து சுற்று ஓட்டியும் காற்றுச் சூடு 60ஐத் தாண்டவில்லை.

அப்படியிருந்தும் ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போனால் மனசு ஒட்டவில்லை. 2200 முதல் 4000 வரை அது இருந்தும் இல்லாத மாதிரிதான். முழுச் சத்தும் வேண்டுமென்றால் இரண்டாம் கியரில் 6000 வரை கத்தவிட வேண்டும், மலை ரோட்டில் அதைச் செய்கிறவன் யாருக்காவது அபாயம், எனக்கு முதலில். ஒரு நாள் வாழவந்தி பக்கம் ஒரு டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்து கணக்குப் போட்டேன்: அந்த வருடம் ஓட்டியது 9000 கிலோமீட்டர், அதில் டிராக்கில் 300கூட வராது. அந்த 300க்காக மீதி எல்லாவற்றையும் சாதாரண வண்டியாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம்தான் பரணில் கிடந்த ரூட்ஸை இறக்கினேன். ரோட்டரை முன்பக்கம் இணைக்கிற பிளாஸ்டிக் கப்ளர் தேய்ந்து ஐடிலில் கலகலவென்று சத்தம் விட்டுக்கொண்டிருந்தது, அதை மாற்றி, ரூட்ஸின் மூக்குப் பகுதியில் இருந்த எண்ணெயையும் மாற்றினேன்; அந்த எண்ணெய் ஒரு டம்ளர்கூட வராது, பலபேர் அப்படி ஒன்று உள்ளே இருப்பதே தெரியாமல் வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். பெரிய மாற்றம், இந்த முறை நீரில் ஆறுகிற இன்டர்கூலர். தனி பம்ப், முன்னால் சின்ன ரேடியேட்டர். மலையில் இப்போது காற்றுச் சூடு 55, 60க்குள் நிற்கிறது. காரியில் ஐந்து சுற்றுக்கு அப்புறம் 75ஐத் தொடும், தண்ணீர் ஒரு தடவை சூடாகிவிட்டால் ஆறவும் நேரம் எடுக்கும், அதனால் நான்கு சுற்று, ஒரு கூல் டவுன், மறுபடி நான்கு. மாதாமாதம் டிராக் போகிறவருக்கு இது எரிச்சல், அவர் சென்ட்ரிஃபியூகலே போடட்டும். என்னுடையதைக் கோவையில் அப்படிப்பட்ட ஒருவர்தான் வாங்கிப்போனார், சந்தோஷமாக இருக்கிறார்.

எந்த வகையானாலும் இரண்டு விஷயம். பெட்ரோலில் எத்தனால் 10லிருந்து 20 சதவீதமானதும் அதே காற்றுக்கு நான்கு சதவீதத்துக்கு மேல் கூடுதல் எரிபொருள் வேண்டும், சும்மா ஓட்டும்போது என்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூ சரிக்கட்டிக்கொள்ளும், முழுக் காலில் மிதித்தால் அது பார்க்காது. பழைய டியூனில் இருப்பவர்கள் காற்று-பெட்ரோல் கலவையைக் காட்டுகிற வைட்பேண்ட் மீட்டர் வைத்து ஒரு தடவை பாருங்கள், பெட்ரோல் பீய்ச்சுகிற இன்ஜெக்டரில் இன்னும் கூட்ட மிச்சம் இருக்கிறதா என்றும். இன்னொன்று, கம்பெனி கொடுத்ததை இப்படி மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது, இன்சூரன்ஸும் கை விரிக்கலாம். அது தெரிந்துதான் நான் செய்தேன், உங்களைச் செய்யச் சொல்லவில்லை.

எவ்வளவு குதிரைத்திறன் என்று கேட்பீர்கள். இப்போதைய செட்டப்பை டைனோவில் ஏற்றவே இல்லை. அடுத்த மாதம் காரிக்குப் போகும் வழியில் ஏற்றிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன், அதற்கு முன் பெல்ட்டை மாற்ற வேண்டும், ஓரம் லேசாகப் பிசிறு விடுகிறது. லேத் அண்ணனிடம் சொன்னால் மறுபடி நூல் எடுத்துக்கொண்டு வருவார்.