தீக்‌ஷாவா, ஸ்டோரிவீவரா? ஏற்காட்டு வகுப்பறைக்கு எது?

தீக்‌ஷா அரசின் பாடச் செயலி, ஸ்டோரிவீவர் குழந்தைக் கதைகளுக்கான இணையதளம். இரண்டும் இலவசம். செலவுப் பேச்சு இதோடு முடிந்தது.

பாடப் பொருத்தம்
தீக்‌ஷா: பாடநூலின் கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொலியே வரும். குறி கசங்கியிருந்தால் அதன் கீழுள்ள ஆறு எழுத்துக் குறியீட்டைத் தட்டச்சு செய்யுங்கள்.
ஸ்டோரிவீவர்: பாடம் கிடையாது, கதைகள்தான். வாசிப்பு நிலை 1 முதல் 4 வரை. முதல் நிலைக் கதை 250 சொல்லுக்குள் முடிந்துவிடும்.

சிக்னல்
மலைக்கு மேலே இதுதான் பெரிய தலைவலி. தீக்‌ஷா செயலியில் பாடத்தைப் பதிவிறக்கி வைக்கலாம். ஆனால் யூடியூப் வழியாக ஓடும் காணொலிகள் இறங்காது. அது தெரியாமல் வகுப்பில் திறந்தால் வட்டம்தான் சுற்றும். சேலத்திலேயே இறக்கி, போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு மலையேறுங்கள். ஸ்டோரிவீவர் கதையைப் பிடிஎஃப்பாக எடுத்துவிட்டால் அந்தக் கவலையே இல்லை.

அச்சு
ஸ்டோரிவீவர் கதைகளைத் தாராளமாக அச்சிடலாம், மாற்றி எழுதலாம். எழுத்தாளர், ஓவியர் பெயரை மட்டும் நீக்கக் கூடாது. படத்தின்மேல் எழுத்து ஏறிய பக்கம் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் அப்பிக்கொள்ளும். அத்தகைய கதையைத் தவிருங்கள். சில மொழிபெயர்ப்புகளில் தமிழ் விறைப்பாக இருக்கும். முதலில் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், நாக்கே சொல்லிவிடும்.

நான்கு, ஐந்தாம் வகுப்பு அறிவியல், கணக்குக்கு தீக்‌ஷா. எழுத்துக்கூட்டித் திணறும் பிள்ளைகளுக்கு, டிவியோ புரொஜெக்டரோ இல்லாத பள்ளிக்கு, ஸ்டோரிவீவர்தான்.