பொருளடக்கமா, சொல்லடைவா?

பொருளடக்கம் முன்பக்கத்தில், நூலின் வரிசையிலேயே நிற்கும். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் சொல்லடைவு கடைசியில், அகரவரிசையில். புத்தகத்தை வாங்கலாமா என்று கடையில் நின்றபடி முடிவு செய்யப் பொருளடக்கமே போதும்.

தேடல் என்று வந்தால் கதை வேறு. வேளாண்மை நூல் ஒன்றில் வேப்பம் புண்ணாக்கைத் தேடுகிறீர்கள், சரியா? பொருளடக்கம் ‘உர மேலாண்மை’ என்பதோடு நின்றுவிடும். சொல்லடைவில் ‘வே’ வரிசைக்குப் போனால் ‘வேப்பம் புண்ணாக்கு 31, 88–90, 142’ என்றிருக்கும். 88–90 என்று பக்கங்கள் தொடர்ந்தால் பெரும்பாலும் அங்கேதான் விளக்கம். தனி எண் என்றால் போகிற போக்கில் ஒரு வரி. அந்த 142 பூச்சி அத்தியாயத்தில் இருக்கலாம். பொருளடக்கத்தைப் பார்த்து அதை யூகிக்கவே முடியாது.

உ.வே.சா. தம் பதிப்புகளில் அரும்பத அகராதி, அதாவது அரிய சொற்களின் அகரவரிசைப் பட்டியல், சேர்த்தார். இன்றைய கட்டுரை நூல்கள் பலவற்றில் கடைசிப் பக்கத்தில் விளம்பரம்தான். அப்புறம் என்ன, பின்னட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் நானே ஒரு சொல்லடைவு எழுதிக்கொள்கிறேன்.