டிக்கெட் அசல்தான், ஆனாலும் உள்ளே விடவில்லை

போன சனிக்கிழமை ஈப்போவிலிருந்து குடும்பத்தோடு ஐந்து பேர் கோலாலம்பூர் போனோம். இஸ்தானா பூடாயா நாடக அரங்கத்தின் வாசல்வரை போய், நாடகம் பார்க்காமலேயே திரும்பி வந்தோம். இன்னொரு குடும்பம் அப்படி நிற்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

மகளுக்கு 12 வயது. பள்ளியில் பாட்டு, நாடகம் என்றால் முதல் ஆளாகப் பெயர் கொடுப்பாள். பெரிய மேடையில் ஓர் இசை நாடகத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் டிக்கெட் தேடியபோது பிற்பகல் 3 மணிக் காட்சிக்கு எல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தது. இரவுக் காட்சி என்றால் ஊர் திரும்பும் ரயிலைப் பிடிக்க முடியாது. அப்போதுதான் முகநூல் குழு ஒன்றில் ஒரு பெண், அதே காட்சிக்கு ஐந்து டிக்கெட் இருப்பதாகப் போட்டிருந்தார்.

வாட்ஸ்அப்பில் பேசினேன். தமிழில் குரல் பதிவு வந்தது. “அக்கா, மாமியாரை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம், எங்களால போக முடியல. வாங்கின விலைக்கே தர்றேன்க்கா.” டிக்கெட் 120 வெள்ளி (ரிங்கிட்), ஐந்துக்கு 600. நம்ம பிள்ளை, பாவம், மாமியார் உடம்பு வேறு சரியில்லை என்று என் மனசு அங்கேயே இளகிவிட்டது. நான் ஏமாந்த இடம் அதுதான்.

என் கணவர் எதையும் லேசில் நம்ப மாட்டார். டிக்கெட் வாங்கியபோது வந்த மின்னஞ்சலைக் கேட்டார், வந்தது. பணம் கட்டிய ரசீது கேட்டார், அதுவும் வந்தது. மின்னஞ்சலைத் திறந்து மேலும் கீழும் நகர்த்தி எடுத்த வீடியோகூட அனுப்பினார். இருக்கை எண்கள் ஐந்தும் வரிசையாக, ஒரே ஆர்டர் எண்ணில் இருந்தன. எல்லாமே உண்மை. பணம் அனுப்பச் சொன்ன வங்கிக் கணக்கு மட்டும் வேறு பெயரில் இருந்தது. கேட்டதற்கு, “தங்கச்சி கணக்குக்கா” என்றார். சரி என்று அனுப்பிவிட்டேன்.

அப்புறம் ஒன்பது நாள். நடுநடுவே அவரே விசாரிப்பார், பிள்ளைகள் ஆவலாக இருக்கிறார்களா என்று. அங்கே சிலிப்பர், அரைக்கால் சட்டையோடு உள்ளே விட மாட்டார்கள் என்றும் சொன்னார். அதைக் கேட்டு அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டார், கணவர் பாத்தேக் சட்டை போட்டார். காலை இ.டி.எஸ். ரயிலில் கே.எல். சென்ட்ரல் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, மோனோரயிலில் கடைசி நிலையமான தித்திவங்சாவுக்குப் போனோம். அந்த நீலப் பச்சைக் கூரை தெரிந்ததும் மகள் எங்களை விட்டுவிட்டு முன்னால் ஓடினாள்.

வாசலில் இருந்த பையன் முதல் டிக்கெட்டை ஸ்கேன் செய்தான். கருவியில் சிவப்பு வந்தது. திரும்பவும் வைத்தான், அதே சிவப்பு. “சூடா மாசோக், காக்” என்றான் மெதுவாக. இந்த டிக்கெட்டில் ஏற்கெனவே ஆள் உள்ளே போயாயிற்று. ஐந்துமே அப்படித்தான். எங்களை ஓரமாக உட்காரவைத்துவிட்டு ஓர் அதிகாரி உள்ளே போய்ப் பார்த்து வந்தார். எங்கள் இருக்கையில் வேறொரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிரம்பானிலிருந்து வந்த ஒரு மலாய்க் குடும்பத்துக்கும் சிவப்பு வந்தது. அவர்கள் கைப்பேசியை என் கைப்பேசி பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே ஆர்டர் எண், அதே ஐந்து இருக்கை.

ஒரே டிக்கெட்டைப் பல பேருக்கு விற்றிருக்கிறார்கள். டிக்கெட் போலியா என்று சோதித்தவர்கள் எல்லாம் மாட்டிக்கொண்டோம், ஏனென்றால் அது போலியே இல்லை. முதலில் யார் ஸ்கேன் செய்கிறார்களோ அவர்களுக்குக் கதவு திறக்கும், மற்றவர்களுக்குத் திறக்காது. அரங்கப் பணியாளர்கள் மேல் எந்தக் குறையும் இல்லை, பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்து அன்பாகத்தான் பேசினார்கள்.

அங்கிருந்தே 997-க்கு அழைத்தேன். தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. பணம் போன கையோடு அழைத்தால்தான் அது அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்கப் பார்க்க முடியும். எங்கள் பணம் போய் ஒன்பது நாள். அந்தப் பெண் நாடகம் நடக்கும் நாள்வரை எங்களோடு அத்தனை அன்பாகப் பேசிக்கொண்டிருந்தது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் ஈப்போவில் போலீஸ் ரிப்போர்ட் செய்தோம். சம்பவம் நடந்த ஊரில்தான் செய்ய வேண்டும் என்றில்லை. ‘செமாக் மியூல்’ என்று போலீஸின் இணையப் பக்கம் ஒன்று இருக்கிறது. கணக்கு எண்ணையோ கைப்பேசி எண்ணையோ போட்டால், அதன் மேல் புகார் உண்டா என்று காட்டும். அந்தத் ‘தங்கச்சி’ கணக்கைப் போட்டேன். ஏற்கெனவே 3 புகார். பணம் அனுப்புவதற்கு முன்னால் ஒரு நிமிடம் செலவழித்திருந்தால் 600 வெள்ளியும் தப்பியிருக்கும், என் பிள்ளை தித்திவங்சா ஏரிக்கரையில் ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கவும் மாட்டாள். புகார் ஒன்றும் இல்லாத கணக்கு என்றாலும், பேசுகிறவர் பெயரும் கணக்கின் பெயரும் வேறாக இருந்தால் அனுப்பாதீர்கள். அதிகாரபூர்வ தளத்தில் டிக்கெட் முடிந்துவிட்டால், அந்தக் காட்சியை விட்டுவிடுங்கள்.

இன்று காலை அதே குழுவில் பார்த்தேன். வேறு பெயர், வேறு எண், ஆனால் டிக்கெட்டைப் பிடித்திருக்கும் கையில், எங்களுக்கு அனுப்பிய வீடியோவில் பார்த்த அதே பச்சைக் கண்ணாடி வளையல். வரும் சனிக்கிழமைக்கு நான்கு டிக்கெட்டாம். குழு நிர்வாகியிடம் சொல்லியிருக்கிறேன், பதிவு இன்னும் அங்கேயே இருக்கிறது. அதற்கு யாராவது பணம் அனுப்பியிருந்தால் சனிக்கிழமைவரை காத்திருக்காதீர்கள், இப்போதே உங்கள் வங்கிக்கும் 997-க்கும் அழையுங்கள்.