ரிப்பேரானபோதுதான் நல்ல பவுலர்: என் பவுலிங் மெஷினோடு மூன்று வருடம்

போன வாரம் ஆபீஸ் நண்பர் ஒருவர் கேட்டார்: "நீங்க வெச்சிருக்கற அந்த பவுலிங் மெஷின் இப்ப 58,000க்கு வந்துருச்சுங்க. வாங்கிப் போட்டுறட்டுங்களா?"

நான் வாங்கியபோது அதன் விலை 72,000. அந்த வயிற்றெரிச்சல் ஒரு பக்கம் இருக்கட்டும். அதோடு மூன்று வருடம் தனியாகக் குப்பை கொட்டியவன் நான். "வாங்குங்க" என்றோ "வேண்டாங்க" என்றோ சட்டென்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. போன மாதம் அதற்கு ஒரு ரிப்பேர் பார்த்தேன், அதிலிருந்து அதைப் பற்றி நான் நினைத்து வைத்திருந்ததெல்லாம் குழம்பிக் கிடக்கிறது.

நிறுவனத்தின் பெயர் வேண்டாம். மேலும் கீழுமாகச் சுழன்று, நடுவில் விழுகிற பந்தைக் கவ்வி பேட்ஸ்மேனிடம் எறிகிற இரண்டு சக்கரம், 12 வோல்ட் பேட்டரி, 12 பந்து பிடிக்கும் ஃபீடர், ஒரு ரிமோட். இந்த விலைக்கு வருகிற மெஷின்கள் எல்லாமே ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள்தான்.

எனக்கு 43 வயது. கோயம்புத்தூரில் ஞாயிற்றுக்கிழமை லீக் ஒன்றில் நாலாவதாக இறங்குகிறேன், ஆள் குறைந்தால் மூன்றாவதாக. இந்த வயதில் நெட்டுக்குக் கூப்பிட்டால் பேட் பிடிக்க எல்லோரும் வருவார்கள், பந்து போட ஒருவரும் வரமாட்டார். சரவணம்பட்டிப் பக்கம் மாமனாருக்கு ஐந்து சென்ட் காலிமனை இருந்தது. நீளம் 72 அடி. அதில் போர் மோட்டார் அறை ஒரு பத்தடியைத் தின்றுவிட்டது. பின்னால் நெட், முன்னால் மெஷின் என்று இடம் விட்டது போக, மெஷினின் வாயிலிருந்து நான் நிற்கிற கோடு வரைக்கும் 15 மீட்டர்தான் தேறியது. நிஜ பிட்ச்சில் கிரீஸுக்கும் கிரீஸுக்கும் 17.68 மீட்டர்.

இடம் போதாதே என்று ரொம்ப நாள் கவலைப்பட்டேன். அப்புறம் ஒருநாள் போனில் ஸ்லோமோஷன் எடுத்து, நொடிக்கு 240 பிரேம் கணக்கில் எண்ணிப் பார்த்தேன். ரிமோட் காட்டியது 110. மெஷின் வாயிலிருந்து பந்து குத்திய இடம் வரைக்கும் 10 மீட்டர், அதற்கு 92 பிரேம். கணக்குப் போட்டால் மணிக்கு 94 கிலோமீட்டர்! என் மெஷினில் தெரிகிற எண் சக்கரத்தைப் பற்றியது போலிருக்கிறது, பந்தைப் பற்றியது இல்லை. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். 15 மீட்டர் தூரத்தில் 94 என்பது, முழுப் பிட்ச்சில் ஏறக்குறைய 110க்குச் சமமான நேரத்தைத்தான் எனக்குக் கொடுக்கிறது. மனையும் பொய், ரிமோட்டும் பொய். இரண்டும் சேர்ந்து உண்மையாகிவிட்டன. அதனால் யாராவது "130 வெச்சு ஆடினேன்" என்றால் நான் முதலில் கேட்பது, எவ்வளவு தூரத்தில் வைத்து என்றுதான்.

பந்து பொறுக்குவது பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். அது உண்மைதான். 12 பந்து, எட்டு நொடிக்கு ஒன்று. ஒன்றரை நிமிடம் பேட்டிங், ஐந்து நிமிடம் குனிந்து நிமிர்தல். ஒரு மணி நேரத்துக்கு நூற்றிச் சொச்சம் பந்துதான் ஆட முடியும். பந்துக்கு ஒரு ரூபாய் என்று மகளை வேலைக்கு வைத்தேன். இரண்டு ரூபாய் கேட்டாள், கொடுத்தேன். மூன்றாவது வாரம் ராஜினாமா செய்துவிட்டாள். பரவாயில்லை, தொப்பைக்கு நல்லது என்று விட்டுவிட்டேன்.

என் பிரச்சினை அதில்லை. என் பிரச்சினை அந்த "டக்".

ஃபீடர் சுற்றி, பந்து குழாய்க்குள் விழும்போது ஒரு சத்தம் வரும். டக். அரை நொடியில் பந்து வெளியே. பந்து வருவதற்கு முன் எச்சரிக்கையாகச் சிவப்பு விளக்கு ஒன்று மூன்று முறை மின்னும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. மின்னுகிறது, ஆனால் காலை ஏழரை வெயிலில் அது யார் கண்ணுக்குத் தெரிகிறது? ஆகவே காது வேலையை எடுத்துக்கொண்டது. டக் என்றதும் பேட் மேலே போகும், முன்கால் கிளம்பும். மூன்று மாதத்தில் எனக்கு அப்படி ஒரு டைமிங் வந்தது. கவர் டிரைவ் நெட்டில் படுகிற சத்தத்தை நானே ரசித்து, வீடியோ எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். (பார்த்ததற்கான நீல டிக் இன்றுவரை வரவில்லை.)

அந்த சீசனின் முதல் மூன்று மேட்ச்: 4, 0, 11.

மேட்சில் பவுலர் ஓடி வருகிறார், கை சுற்றுகிறது, பந்து வருகிறது. டக் சத்தத்தைக் காணோம்! நான் அதற்காகக் காத்துக்கொண்டு நின்றேன் என்பது மூன்றாவது மேட்ச் முடிந்து வண்டியில் வரும்போதுதான் உறைத்தது. நிஜ பவுலரிடம் நாம் பார்க்கிற விஷயத்தில் பாதி, பந்து கையை விடுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ஓட்டத்தின் வேகம், தோள், மணிக்கட்டு எல்லாம். மெஷினுக்குக் கை கிடையாது. பந்து கையை விட்ட பிறகு நடப்பதை மட்டும்தான் அது சொல்லித்தரும். மெஷினிடம் ஆடும்போது பேட்ஸ்மேனின் கால் அசைவும் பேட் கிளம்பும் நேரமும் நிஜ பவுலரிடம் ஆடுவதிலிருந்து மாறுகின்றன என்று ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் அளந்தே காட்டியிருக்கிறார்கள். 72,000 கொடுப்பதற்கு முன்னால் அதை நான் படித்திருக்கலாம்.

டக் கேட்காமல் இருக்க ஃபீடர் மேல் துண்டைச் சுற்றினேன். பந்து சிக்கியது. காதில் இயர்போன் மாட்டிப் பாட்டுப் போட்டேன். நாலாவது பந்து தொடையில். நீலம் பாரித்து இரண்டு வாரம் இருந்தது. அதோடு அந்த ஆராய்ச்சியை விட்டேன்.

நியாயமாகப் பேசினால் அது கொடுத்ததும் உண்டு. எனக்குப் புல் ஷாட் என்று ஒன்று இருந்ததே இல்லை. ஷார்ட் பந்து வந்தால் குனிந்து கும்பிடு போடுகிற ஆள். மெஷினில் ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் தினமும் ஐம்பது ஷார்ட் பந்து வைத்து, ஒரு மழைக்காலம் முழுக்க அதை மட்டும் ஆடினேன். இன்று தைரியமாக ஆடுகிறேன். எந்த நண்பனும் ஒரு ஆளுக்காக அந்த ஐம்பது பந்தையும் அப்படிப் போட்டுத் தரமாட்டான். சுழலைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். 2005 ஆஷஸ் தொடருக்கு முன் ஆஸ்திரேலியச் சுழல் பவுலர் ஷேன் வார்னைச் சமாளிக்க இங்கிலாந்துக்காரர்கள் மெர்லின் என்ற மெஷினை வைத்துப் பழகினார்கள். நம்முடையது அந்தச் சாதியில்லை. சக்கர வேகத்தை மாற்றினால் பந்து லேசாகத் திரும்பும், அதற்குள் லெங்த் எங்கோ போயிருக்கும்.

அப்புறம் மார்கழிப் பனி. ஈரப் பந்து சக்கரத்தில் வழுக்கி, தாத்தா கல்லெறிந்த மாதிரி வந்து விழும். ஒவ்வொரு பந்தையும் துண்டால் துடைத்துப் போட வேண்டும். தோல் பந்து போடவே கூடாது. தையல் பட்டுப் பட்டு ஒன்று இடது, ஒன்று வலது என்று போகும், சக்கரமும் பந்தும் சேர்ந்தே தேயும். குழி விழுந்த டிம்பிள் பந்துதான் இதற்குச் சரி.

இனி ரிப்பேர் கதை.

ஏப்ரலில் ஒருநாள், வழக்கமாக டிரைவ் ஆடுகிற பந்து பேட்டின் நுனியில் பட்டது. மறுநாளும் அப்படியே. சில பந்து சரியாக வந்தது, சில பந்து வருகிற வழியில் மனம் மாறி அரை மீட்டர் முன்னாடியே குத்தியது. கோளாறு மெஷினில் இருக்கும் என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. மனுஷன்தானே தப்புச் செய்வான். கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "தூரப் பார்வை நல்லா இருக்குதுங்க, படிக்கறதுக்கு மட்டும் கண்ணாடி போடுங்க" என்றார் டாக்டர். 4,800 ரூபாய்க்குக் கண்ணாடி. பேட் கிரிப்பை மாற்றினேன். நிற்கிற விதத்தை மாற்றினேன். ஆறு வாரம் இப்படியே போனது.

ஆறாவது வாரம் கருகின வாசனை வந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே கரித்தூள். கம்பெனிக்குப் போன் போட்டேன். முழு மெஷினையும் பெட்டியில் போட்டு அனுப்புங்கள், அனுப்புகிற செலவு உங்களுடையது, மூன்று வாரம் ஆகும் என்றார்கள். 30 கிலோவுக்கு மேல் இருக்கிற சாமானை, வேறு மாநிலத்துக்கு!

கோயம்புத்தூரில் இருந்துகொண்டு மோட்டாரை வெளியூருக்கு அனுப்பினால் ஊர் சிரிக்கும். கீழ்ச் சக்கரத்து மோட்டாரைக் கழற்றிக்கொண்டு கணபதியில் காயில் கட்டுகிற கடை ஒன்றுக்குப் போனேன். அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது எந்த பம்பு மோட்டாருங்க?"

"பம்பு இல்லீங்ணா. கிரிக்கெட் பந்து போடற மெஷினு."

"பந்து போடறதுக்கு மோட்டாருங்களா? நம்ம சந்துல பசங்க சும்மாவே போட்டுட்டுத் திரியறானுகளே!"

திறந்து பார்த்தார். மோட்டாரின் சுற்றுகிற பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கிற கார்பன் கட்டை இரண்டில் ஒன்று தேய்ந்து நகத்துண்டு அளவுக்கு நின்றது. தொடுவதும் விடுவதுமாக இருந்ததால் மோட்டார் திடீர் திடீரென்று சுணங்கியிருக்கிறது. கார்பன் உரசுகிற செம்பு வளையமான கம்யூட்டேட்டரை ஜீரோ நம்பர் பேப்பரால் தேய்த்து, வேறு மோட்டாரின் கார்பன் இரண்டை அளவுக்குத் தேய்த்துப் போட்டு, பேரிங்கையும் மாற்றினார். ஒரு டீ குடித்து வருவதற்குள் வேலை முடிந்தது. 650 ரூபாய். என் கண்ணாடிக்கு ஆனதில் ஏழில் ஒரு பங்கு.

திரும்பி வரும்போதுதான் கணக்குப் புரிந்தது. கீழ்ச் சக்கரம் சுணங்கினால் மேல்சக்கரத்தின் கை ஓங்கும். பந்து முன்பக்கமாக உருண்டபடியே வரும், அதாவது டாப்ஸ்பின். அதனால் நடுவழியில் தொப்பென்று இறங்கும். ஆறு வாரமாக எனக்கு இப்படி இறங்குகிற பந்தைப் போட்டுக்கொண்டிருந்தது தேய்ந்த கார்பன்! மெஷினிடம் ஏமாந்ததற்கு வெட்கப்படவும் தேவையில்லை. வென் படம் என்று பள்ளிக்கூடக் கணக்கு நோட்டில் வட்டம் வட்டமாகப் போட்டோமே, அந்த ஜான் வென் கேம்பிரிட்ஜில் ஒரு பவுலிங் மெஷின் செய்து வைத்திருந்தார். 1909இல் அங்கே வந்த ஆஸ்திரேலிய அணியின் முன்னணி ஆட்டக்காரர் ஒருவரையே அது நாலு முறை போல்டாக்கியது.

சரி, ரிப்பேர் முடிந்தது, சந்தோஷமாக இருந்திருக்க வேண்டுமல்லவா? மறுநாள் காலை 12 பந்தும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இடத்துக்குள் குத்தின. இரண்டாவது ரவுண்டிலேயே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

அந்த ஆறு வாரத்து ஞாயிற்றுக்கிழமைகளைத் திருப்பிப் பார்த்தேன். 38, 51, 27, நடுவில் ஒரு ரன் அவுட். மூன்று வருடத்தில் நான் நன்றாக ஆடிய காலமே அதுதான்! நெட்டில் தடுமாறிக்கொண்டிருந்தேன், மைதானத்தில் ரன் வந்துகொண்டிருந்தது. மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியோட் என்ற இருவர் 2000இல் பேட்ஸ்மேன்களின் கண் அசைவைப் பதிவு செய்தார்கள், அதுவும் பவுலிங் மெஷினை வைத்தே. பேட்ஸ்மேன் பந்தை முழுக்கத் தொடர்ந்து பார்ப்பதில்லை. புறப்படும்போது பார்க்கிறான், பிறகு அது குத்தப்போகும் இடத்துக்குக் கண் முன்கூட்டியே தாவிவிடுகிறது. நல்ல ஆட்டக்காரனுக்குச் சீக்கிரமே தாவுகிறது. ஒழுங்கான மெஷினிடம் என் கண்ணுக்குத் தாவுகிற வேலையே இல்லை. குத்தப்போகிற இடம் நேற்றே தெரியும். பழுதான மெஷினிடம் ஒவ்வொரு பந்துக்கும் அது வேலை செய்தாக வேண்டியிருந்தது.

ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் பிராட்மேன், பவ்ரல் என்ற ஊரில் சிறுவனாக இருந்தபோது கோல்ஃப் பந்தைத் தண்ணீர்த் தொட்டியின் வளைந்த செங்கல் மேடையில் எறிந்து, திரும்பி வருவதை ஒரு ஸ்டம்பால் அடித்துப் பழகினார். அது எந்தப் பக்கம் வரும் என்று அவருக்கே தெரியாது. பந்து பொறுக்குகிற வேலையும் குறைவு. செலவு ஒரு கோல்ஃப் பந்து.

இது எல்லாம் தற்செயலாகவும் இருக்கலாம். மூன்று நாலு இன்னிங்ஸை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆனாலும் ரிப்பேருக்குப் பிறகு நான் அடித்தது 9, 2. இப்போது தேய்ந்து வழுவழுப்பான பந்து ஆறும் புதுப்பந்து ஆறுமாகக் கலந்து ஃபீடரில் போடுகிறேன், ட்ரைபாடின் ஒரு காலுக்கடியில் அட்டை மடித்து வைக்கிறேன். கொஞ்சம் உயிர் வருகிறது. பழைய அளவுக்கு இல்லை.

அதனால் நண்பரிடம் சொன்னேன்: "வேண்டாங்க. ஒரே ஷாட்டைத் திருத்தணும்னா மட்டும் வாங்குங்க. இல்லாட்டி ஒரு சைடுஆர்ம், அதான் பந்தைக் கவ்வி எறியற நீளக் கரண்டி மாதிரி சாமான், அதை வாங்கிட்டு, வாரம் ரெண்டு நாள் ஒரு பையனுக்குக் காசு குடுத்துப் போடச் சொல்லுங்க. இந்திய அணிக்கே ராகவேந்திரான்னு ஒருத்தர் பல வருஷமா அதைத்தான் கையில வெச்சு நெட்ல எறிஞ்சிருக்காரு. அதுக்குப் பின்னாடி ஒரு கையாவது இருக்குது."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப உங்களுக்கும் அது தேவையில்லீங்களே. பாதி விலைக்கு எனக்குக் குடுத்துருங்களேன்."

பேட்டரி இப்போது ஒன்றரை மணி நேரம்தான் நிற்கிறது, சக்கரம் பழசு, மெஷினைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். எல்லாம் சரி, கொடுப்பீர்களா மாட்டீர்களா என்றார். டீ ஆறுது, குடிங்க என்றேன்.

அண்ணன் காகிதத்தில் மடித்துக் கொடுத்த பழைய கார்பன் இரண்டும் இன்னும் என் வண்டி டேஷ்போர்டில்தான் இருக்கின்றன.