ஃபெல்கோ 2 கவாத்துக் கத்தரி: கோத்தகிரித் தோட்டத்துக்கு இந்த விலை தகுமா?

மரக்கிளை வெட்டும் இந்தக் கத்தரியின் விலையைக் கேட்டதும் பக்கத்துத் தோட்டத்து அண்ணன், "ஒரு கத்தரிக்கோலுக்கா இவ்வளவு கொட்டிக் குடுத்தே?" என்றார். நியாயமான கேள்விதான். அந்தக் காசுக்குச் சாதாரணக் கத்தரி நாலைந்து வாங்கிவிடலாம். ஆனாலும் வீட்டைச் சுற்றிப் பேரி, பிளம்ஸ், பீச் என்று நாலு பழமரம் வைத்திருப்பவர்களுக்கு இது தகும் என்பதுதான் என் கட்சி.

ஃபெல்கோ 1945-ல் தொடங்கிய சுவிஸ் கம்பெனி. கத்தரி சுமார் 240 கிராம் எடை. பிடி பளிச்சென்று சிவப்பு. புல்லுக்குள் போட்டுவிட்டுத் தேடும்போது அதன் அருமை தெரியும். அலகு, ஸ்பிரிங், போல்ட் எல்லாம் தனித்தனியாகக் கழற்றி மாற்றலாம், அதனால் ஸ்பிரிங் போனால் கத்தரியே போச்சு என்ற கதை இதில் இல்லை.

இதில் ஒரு அலகு கூர், இன்னொன்று வளைந்த கொக்கி, இரண்டும் உரசிக்கொண்டு போவதால் பச்சைக் கிளையில் வெட்டு சுத்தமாக விழுகிறது. தட்டையான தகட்டில் வைத்து அழுத்தும் ரகக் கத்தரி காய்ந்த குச்சிக்குத்தான் லாயக்கு, பச்சையில் பட்டையை நசுக்கிவிடும். ஆனால் எவ்வளவு நல்ல கத்தரியானாலும் பிடிக்கிற பக்கம் தப்பினால் வீண்: கூர் அலகு மரத்தின் பக்கம், கொக்கி நாம் வெட்டி எறியப்போகும் பக்கம். திருப்பிப் பிடித்தால் கொக்கியின் கனத்துக்கு ஒரு கட்டை நின்றுபோகும், அது காய்ந்து அழுகல் அதன் வழியாக உள்ளே இறங்கும். அதற்காகத் தண்டோடு ஒட்ட மழிக்கவும் கூடாது. கிளை சேரும் இடத்தில் மோதிரம் போட்ட மாதிரி ஒரு புடைப்பு இருக்கும், காயத்தை மூடும் திசு அங்கிருந்துதான் வளர்ந்து வரும். அதைத் தொடாமல் அதற்கு வெளியே வெட்டுங்கள்.

இதன் எல்லை 25 மில்லிமீட்டர். அதற்கு மேல் கனமான கிளையை முறுக்கி முறுக்கி அறுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும், கத்தரியும் கெடும் மரமும் கெடும். அங்கே ரம்பம்தான். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி முதலில் அடியிலிருந்து கொஞ்சம் அறுத்து, அப்புறம் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை விழவிட்டு, மிச்சக் கட்டையைக் கடைசியில் எடுங்கள். நேராக மேலிருந்து அறுத்தால் கிளை சாயும்போது தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும்.

கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழை பலமாகப் பெய்கிற இடம், ஈரத்தில் வெட்டினால் பூஞ்சாணம் பிடிக்கும். மழை ஓய்ந்து இலை கொட்டியபின், டிசம்பர் கடைசி, ஜனவரிதான் சரி. பீச் போன வருடக் குச்சியில் காய்க்கும், அதை நன்றாகவே வெட்டலாம். பேரியும் பிளம்ஸும் பெரும்பாலும் குட்டைக் குச்சிகளில் வருடா வருடம் காய்ப்பவை. மரம் 'சுத்தமாக' இருக்கட்டும் என்று அவற்றை மழித்தால் பழத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

குறை என்றால், நம்ம ஊர் மூடுபனிக்கு அலகு துருப்பிடிக்கும், ஒட்டிய மரச்சாற்றைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடாமல் வைக்கவே கூடாது. நோய்பட்ட மரத்தை வெட்டினால் அடுத்த மரத்துக்குப் போகுமுன் ஸ்பிரிட்டிலும் துடைக்க வேண்டும். இடதுகைக்காரர்கள் இதை வாங்காதீர்கள், உங்களுக்கு 9-ம் எண் மாடல் இருக்கிறது. சின்னக் கை என்றால் 6.