சென்னிமலை பெட்ஷீட், கூரியர் கவர், ரிட்டர்ன்: ஆன்லைன் விற்பனையில் எங்கள் அனுபவம்

ஆன்லைனில் துணி விற்கிறோம் என்றால் எல்லோரும் கேட்பது மாதம் எத்தனை ஆர்டர் போகிறது என்றுதான். அதில் எத்தனை திரும்பி வருகிறது என்று கேட்டால்தான் இந்தத் தொழிலின் நிலவரம் பிடிபடும்.

2020 ஊரடங்கில் ஈரோடு ஜவுளிச் சந்தை மூடிக் கிடந்தபோது நாங்கள் ஆன்லைனுக்கு வந்தோம். சென்னிமலையில் நெய்த பெட்ஷீட், போர்வை, துண்டு. பெரிய விற்பனைத் தளங்கள், பல கூரியர்களை ஒரே இடத்தில் தரும் நிறுவனம் வழியாக எங்கள் சொந்த இணையதளம், அப்புறம் தபால் நிலையம் என்று மூன்று வழியிலும் இன்றுவரை சரக்கு அனுப்புகிறோம். இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

திரும்பி வரும் பார்சலில் இரண்டு வகை உண்டு. வாடிக்கையாளர் கைக்கே போய்ச் சேராமல் திரும்புவதை கூரியர்காரர்கள் ஆர்.டி.ஓ. என்பார்கள். மற்றது, வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று அனுப்புவது.

ஆர்.டி.ஓ.வில் பெரும்பகுதி கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர்கள்தான். முன்பணம் கட்டியவர் பார்சலை எதிர்பார்த்துக் காத்திருப்பார். கட்டாதவருக்கு நான்கு நாள் கழித்து மனம் மாறிவிடும், அல்லது அன்றைக்குக் கையில் காசு இருக்காது. சொந்தத் தளத்தில் திரும்பும் பார்சலுக்குப் போன கூலியோடு பெரும்பாலும் வந்த கூலியும் நம் கணக்கில்தான் விழும். அதனால் லேபிள் அடிப்பதற்கு முன்பே போன் செய்துவிடுகிறோம். ஆர்டர் செய்தது அவர்தானா, கதவு எண், அருகில் என்ன அடையாளம், எந்த நேரத்தில் வீட்டில் இருப்பார் என்று கேட்டுவிடுவோம். எங்கள் மாவட்டத்திலேயே புதுப்பாளையம், புதூர் என்று ஒரே பெயரில் எத்தனை ஊர்கள் இருக்கின்றன! பின்கோடு ஓர் எண் தப்பினால் பார்சல் வேறு ஊரின் கூரியர் பிரிப்பு மையத்துக்குப் போய்ச் சுற்றிக்கொண்டிருக்கும். இந்த ஒரு அழைப்பு குறைத்த அளவுக்கு வேறு எதுவும் எங்கள் ஆர்.டி.ஓ.வைக் குறைக்கவில்லை.

கூரியர் பக்கத்திலும் குறை உண்டு. நாங்கள் பயன்படுத்திய ஒரு நிறுவனத்தில் மாலை மங்கிய பிறகு ‘வாடிக்கையாளர் இல்லை’ என்று வரிசையாகப் பதிவாகும். அப்படிப் பதிவான ஒரு வாடிக்கையாளர் அம்மாவைக் கூப்பிட்டால், “காலையிலிருந்து வீட்டுலதான் இருக்கேன் தம்பி, யாருமே வரலையே” என்பார். பொதுவாக மூன்று முயற்சிக்குப் பிறகு பார்சல் திரும்பக் கிளம்பிவிடும். எனவே டெலிவரி ஆகாத பட்டியலைத் தினமும் காலையில் திறந்து, மறு முயற்சிக்கு அன்றைக்கே பதில் போட்டுவிட வேண்டும். ஒரு நாள் விட்டாலும் பார்சல் ஊர் திரும்பும் வண்டியில் ஏறிவிடும்.

அடுத்தது எடை. கூரியர்கள் பார்சலின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000ஆல் வகுப்பார்கள். வரும் எண்ணையும் தராசு காட்டும் எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கூலி போடுவார்கள். இரண்டு தலையணை உறையோடு ஒரு டபுள் பெட்ஷீட் ஏறத்தாழ ஒரு கிலோ. அதை இறுக்கி மடித்து 35, 28, 5 அளவில் கவரில் போட்டால் கணக்கு 0.98 கிலோ. அழகாக இருக்கட்டும் என்று 40, 30, 12 அளவு அட்டைப்பெட்டியில் வைத்தால் 2.88 கிலோ. அதே பெட்ஷீட்டுக்கு மூன்று கிலோ கூலி! துணி உடையும் பொருள் அல்ல, பெட்டியே தேவையில்லை. உள்ளே ஒரு பாலித்தீன் உறை, வெளியே கிழித்தால்தான் திறக்கும் கெட்டியான கூரியர் கவர், அது போதும். மழைக்காலத்தில் அந்த உள் உறையைத் தவிர்க்கவே கூடாது.

சில சமயம் நாம் பதிந்த எடையைவிடக் கூடுதலாகக் காட்டிப் பணத்தைப் பிடித்துவிடுவார்கள். அப்போது வாயால் சொல்வது எடுபடாது. தராசின் மேல் பார்சல், லேபிள் தெரியும்படி ஒரு படம், பக்கத்தில் அளவு நாடாவோடு இன்னொரு படம். இது இருந்தால் தாவாவில் பணம் திரும்ப வருகிறது. தாவா போடக் கொடுக்கும் கெடு சில நாட்கள்தான், அதைத் தவறவிடக் கூடாது.

வாடிக்கையாளர் திருப்பி அனுப்புவதற்கு நிறம்தான் முக்கியக் காரணம் என்று பலர் சொல்வார்கள். எங்கள் அனுபவத்தில் அளவுதான் முதலிடம், அதிலும் மெத்தையின் உயரம். கட்டிலின் நீள அகலம் எல்லோருக்கும் தெரியும். மெத்தை எவ்வளவு தடிமன் என்று யாரும் அளப்பதில்லை. 90க்கு 100 அங்குல விரிப்பை 72க்கு 78 அங்குல கிங் சைஸ் மெத்தையில் போட்டால் அகலவாக்கில் பக்கத்துக்கு 9 அங்குலம் தொங்கும். மெத்தை 6 அங்குலம் என்றால் மடித்துச் செருக 3 அங்குலம் மிஞ்சும். 8 அங்குல மெத்தைக்கு ஒரே அங்குலம், புரண்டு படுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். போதாக்குறைக்கு பருத்தி முதல் சலவையில் கொஞ்சம் சுருங்கும். இந்தக் கணக்கை அப்படியே பொருள் விவரத்தில் எழுதி, எவ்வளவு தொங்கும் என்று ஒரு படமும் வரைந்து போட்டோம். ‘சைஸ் பத்தவில்லை’ என்று வரும் ரிட்டர்ன் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது. நிறத்துக்கு, வெயிலில் எடுத்த ஒரு படத்தையும் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த ஒரு படத்தையும் சேர்த்துப் போடுகிறோம்.

திரும்பி வந்த பார்சலைப் பிரிக்கும்போது லேபிளில் தொடங்கி, கவரைக் கிழித்து, துணியை விரித்துக் காட்டும் வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுக்க வேண்டும். துவைத்த பெட்ஷீட், நம்முடையதே அல்லாத பழைய விரிப்பு எல்லாம் வந்திருக்கின்றன. ஒரு தளத்தில் வீடியோ இல்லாத புகாரை எடுத்துக்கொள்ளவே இல்லை. இருந்ததால்தான் பல பார்சல்களுக்கு இழப்பீடு கிடைத்தது. ஆனால் உண்மையிலேயே நெசவில் குறை இருந்து திருப்பி அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் மறுபேச்சு பேசாமல் பணத்தைக் கொடுத்துவிடுவோம். அந்தக் குறை எந்தத் தறியில் வந்தது என்பதை நெசவாளரிடம் சொல்ல திரும்பி வந்த அந்தத் துணியே உதவுகிறது.

வரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாநிலத்துக்குள் மட்டும் விற்பவர்கள், ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் இருந்தால், 2023 அக்டோபர் 1 முதல் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமலே தளங்களில் விற்கலாம். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்கினால் போதும். பதிவு உள்ளவர்களின் விற்பனைப் பணத்தில் தளங்கள் பிடித்து அரசுக்குக் கட்டும் வரியான டி.சி.எஸ். 2024 ஜூலை 10 முதல் ஒரு சதவீதத்திலிருந்து அரை சதவீதமாகக் குறைந்தது. ரிட்டர்ன் கழித்த நிகர விற்பனைக்குத்தான் அது, ஆகவே மாதாமாதம் ரிட்டர்ன் பட்டியலோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தபால் துறையின் ஸ்பீட் போஸ்ட்டை நாங்கள் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் கிராமங்கள். நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் தபால் நிலையங்கள் இருக்கின்றன; தனியார் கூரியர் ‘சேவை இல்லை’ என்று காட்டும் பின்கோடுகளுக்கும் பார்சல் போகிறது. அங்கே தபால்காரருக்கு ஆளைத் தெரியும், முகவரியில் தெருப் பெயர்கூட வேண்டியதில்லை. 2025இல் பதிவுத் தபாலும் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டது.

இப்போதைக்கு நகரங்களுக்கு கூரியர், மலைப்பகுதிக்கும் உள்கிராமங்களுக்கும் தபால், புது டிசைனைச் சோதித்துப் பார்க்க மட்டும் விற்பனைத் தளம் என்று பிரித்துக்கொண்டிருக்கிறோம். கேஷ் ஆன் டெலிவரி ஆர்டருக்கு, போனில் உறுதி செய்யாமல் எதையும் அனுப்புவதில்லை. இரண்டு முறை பார்சலைத் திருப்பிய எண்ணுக்கு முன்பணம் மட்டும்தான்.