கோல்ஷா, ஆல்ட்டா: ரைன் நதிக்கரையின் இரண்டு பீர்கள்

ஜெர்மனிக்கு வரும் நண்பர்கள் பீர் என்றதும் ம்யூனிக்கைத்தான் கேட்பார்கள். நான் அவர்களை ரைன் நதிக்கரைக்குக் கூட்டிப்போவேன். கொலோனும் டுசல்டார்ஃபும் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு ஊர்கள், ரயிலில் அரை மணி நேரம். ஆளுக்கொரு பீர், ஆளுக்கொரு கண்ணாடிக் குவளை, ஒருவர் பீரை இன்னொருவர் தொடமாட்டேன் என்கிற வீம்பு. கொலோனில் கோல்ஷ், டுசல்டார்ஃபில் ஆல்ட். நான் முதல் ஊரில் ஆறு வருடம் வேலை பார்த்தவன், இப்போது மூன்று வருடமாக இரண்டாவது ஊரில் குடியிருக்கிறேன். எது நல்லது என்று இரண்டு பக்கமும் என்னைக் கேட்டுவிட்டார்கள். என் பதில் இதுதான்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். வந்த புதிதில் சூப்பர் மார்க்கெட்டில் நாலு பாட்டில் கோல்ஷும் நாலு பாட்டில் ஆல்ட்டும் வாங்கி, வீட்டு மேஜையில் வரிசையாக வைத்துக் குடித்துப் பார்த்தேன். ஆல்ட் சுலபமாக ஜெயித்தது. கோல்ஷ் வெறும் மஞ்சள் தண்ணீராகத் தோன்றியது. அடுத்த மாதம் அலுவலக நண்பர் ஒருவர் ஃப்ரீசன்ஷ்ட்ராஸ தெருவில் இருக்கும் பெஃப்கெனுக்கு அழைத்துப்போனார். 1883இல் தொடங்கிய மதுவடிசாலை அது. அங்கே மரப்பீப்பாயிலிருந்து இறக்கிய முதல் குவளையைக் குடித்ததும், வீட்டில் நான் கோல்ஷைக் குடிக்கவே இல்லை என்பது புரிந்தது. பெஃப்கென்காரர்கள் தங்கள் பீரைப் பாட்டிலில் அடைப்பதில்லை, பீப்பாயோடு சரி. ஏன் என்று இப்போது எனக்குத் தெரியும்.

கோல்ஷில் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. வெளிர் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), மிதமான ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடிப்பூ), வடிகட்டித் தெளியவைத்த பொன்னிறம், பெரும்பாலும் 4.8% ஆல்கஹால். அதற்குள் பச்சை ஆப்பிளையோ பேரிக்காயையோ நினைவூட்டும் ஒரு மெல்லிய வாசனை வந்துபோகும். கோல்ஷின் உயிரே அந்த வாசனைதான். பாட்டிலில் அடைத்துச் சில வாரம் அலமாரியில் நின்றால் முதலில் போவதும் அதுதான். ஆல்ட் அப்படியல்ல. வறுத்த மால்ட்டின் ரொட்டி மணமும் ஹாப்ஸின் கசப்பும் பயணத்தைத் தாங்கும். ஆகவே பாட்டிலை வைத்து இந்த இரண்டையும் ஒப்பிடுகிறவர்கள் எல்லோரும் ஆல்ட்டுக்கே ஓட்டுப் போடுவார்கள். அது நியாயமான தேர்தல் இல்லை. இரண்டையும் அந்தந்த ஊரில், காய்ச்சியவன் வீட்டிலேயே குடித்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

இத்தனை சண்டை போடும் இந்த இரண்டு பீரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். உலகத்தில் விற்கும் பெரும்பாலான பீர் லாகர் வகை: குளிரில் நிதானமாக வேலை செய்யும் ஈஸ்ட்டால் நொதித்தது. கோல்ஷிலும் ஆல்ட்டிலும் இருப்பது மேல்நொதிப்பு ஈஸ்ட். அதற்குக் கொஞ்சம் வெதுவெதுப்பு வேண்டும், அப்போதுதான் பழ வாசனையை எழுப்பும். இட்லி மாவு வைத்துப் பழகியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சித்திரை வெயிலில் நாலு மணி நேரத்தில் பொங்கி வழியும் மாவும், மார்கழியில் விடிய விடியக் காத்திருந்து புளிக்கும் மாவும் ஒரே ருசியாகவா இருக்கும்? ரைன்காரர்கள் வெதுவெதுப்பில் நொதிக்கவைத்த பீரை அப்படியே குடித்துவிடுவதில்லை. உறைநிலையை ஒட்டிய குளிரில் வாரக்கணக்கில் கிடத்துகிறார்கள். முரட்டு ஓரங்கள் மழுங்கி, பழ வாசனையும் லாகரின் துப்புரவும் சேர்ந்துவருவது அப்படித்தான். இதுவரை இரண்டு ஊருக்கும் ஒரே வழி.

பிரிவது மால்ட்டிலும் ஹாப்ஸிலும். டுசல்டார்ஃபில் நிறமேறிய மால்ட்டும் துளி வறுத்த மால்ட்டும் சேர்ப்பதால் பீர் செப்பு நிறம், சில இடங்களில் நல்ல டிகாஷன் நிறம். ஆல்ட் என்றால் ‘பழைய’ என்று பொருள். லாகர் மோகம் ஜெர்மனி முழுக்கப் பரவியபோது பழைய முறையிலேயே காய்ச்சிய பீர் என்பதால் வந்த பெயர். கொலோன் பிடிவாதத்துக்கு இன்னும் வயது அதிகம்: மேல்நொதிப்பு முறையில் மட்டுமே காய்ச்ச வேண்டும் என்று நகரசபை 1603லேயே மதுவடிப்போரைக் கட்டுப்படுத்திவிட்டது. ஆனால் இன்றைய தெளிந்த பொன்னிறக் கோல்ஷ் அவ்வளவு பழையதல்ல. ஸுனர் என்ற மதுவடிசாலை 1906இல் அதைக் காய்ச்சத் தொடங்கி, 1918இல்தான் கோல்ஷ் என்று பெயரிட்டது.

அந்தப் பெயரைக் காப்பதில் கொலோன்காரர்கள் படு கறார். 1986இல் இருபத்துநாலு மதுவடிசாலைகள் கூடி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. எது கோல்ஷ், எப்படிக் காய்ச்ச வேண்டும், எந்தக் குவளையில் ஊற்ற வேண்டும் என்பது வரை அதில் இருக்கிறது. 1997இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் திண்டுக்கல் பூட்டு, பத்தமடைப் பாய் மாதிரி. பக்கத்து ஊரான பான் நகரில், அதே சாயலில் வடிகட்டாமல் காய்ச்சி, விரல் பிடிக்க வளைந்த குவளையில் ஊற்றி, ப்யூன்ஷ் என்று வேறு பெயரில் விற்கிறார்கள். ஆல்ட்டுக்கு இப்படிப்பட்ட வேலி எதுவும் இல்லை. வேறு ஊர்களிலும் ஆல்ட் காய்ச்சலாம், காய்ச்சுகிறார்கள்.

இந்த வேலியால் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. விதி இறுகியதில் கோல்ஷ்களுக்குள் வித்தியாசம் குறைந்துவிட்டது. கொலோன் பேராலயத்தின் காலடியில் 1904இல் தொடங்கிய ஃப்ரூ (காய்ச்சுவது இப்போது நகரின் வடபுறத்தில்), ஹாய்மார்க்ட்டில் 1858 முதல் இருக்கும் மால்ஸ்மூலே, பெஃப்கென் ஆகிய மூன்றையும் ஒரே மாலையில் குடித்தால், மால்ஸ்மூலேயில் மால்ட்டின் இனிப்பு ஒரு சிட்டிகை கூடுதல், பெஃப்கெனில் கசப்பு ஒரு பிடி கூடுதல், ஃப்ரூ இரண்டுக்கும் நடுவில். அவ்வளவுதான். நாக்கு பழகாதவருக்கு மூன்றும் ஒன்றே.

டுசல்டார்ஃப் பழைய நகரத்தில் நிலைமையே வேறு. பத்து நிமிட நடைக்குள் நாலு மதுவடிசாலைகள், நாலும் நாலு குணம். 1850இல் தொடங்கிய ஷ்லூசெல் எல்லோருக்கும் ஒத்துப்போகும், புதிதாக வருபவரை நான் முதலில் உட்காரவைப்பது அங்கேதான். ராட்டிங்கர் தெருவில் 1848இன் ஃபுக்ஸ்ஷென், ‘நரிக்குட்டி’ என்று பொருள், கொஞ்சம் கூர்மை. 2010இல் வந்த க்யூர்ட்சர் இளவட்டங்களின் இடம், நின்று குடித்துவிட்டுக் கிளம்பலாம். பழைய நகரத்துக்கு வெளியே ஓஸ்ட் தெருவில் இருக்கும் ஷூமாகர்தான் வயதில் மூத்தது, 1838. மென்மையான ஆல்ட், மால்ட்டும் லேசான பழச்சாயலும் முன்னே நிற்கும். கோல்ஷ் பிரியர்களை ஆல்ட்டுக்கு மாற்ற வேண்டுமென்றால் ஷூமாகரில் தொடங்குங்கள்.

பிறகு பழைய நகரத்தின் நாலாவது மதுவடிசாலை, யூரிகே. 1862. அந்த இடத்தை நடத்திய முதல் ஆள் சிடுமூஞ்சியாம், வட்டார மொழியில் அதற்கான சொல்லே கடையின் பெயராகிவிட்டது. பீருக்கும் அதே குணம். காய்ச்சிய சாற்றை இன்றும் அகலமான திறந்த தட்டுக் கலத்தில் ஆறவிடுகிறார்கள், ஹாப்ஸை முழுப் பூவாகவே போடுகிறார்கள். குவளையை வாயருகே கொண்டுபோகும்போது முதலில் வருவது வறுத்த ரொட்டியின் மேல்தோல் வாசனை. முதல் மடக்கில் கருகாத கேரமலின் இனிப்பு எட்டிப்பார்க்கும். அது நிலைப்பதற்குள் கசப்பு வந்து நாக்கின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும், விடாது. பாகற்காயை வதக்கி வெல்லம் போட்டு இறக்கினால் இனிப்பும் கசப்பும் ஒன்றையொன்று சாய்க்காமல் நிற்குமே, அந்த நிலை. இரண்டாவது குவளையில்தான் அது பிடிபடும். மூன்றாவதில் மற்ற பீரெல்லாம் சப்பென்று தோன்றத் தொடங்கும்.

பரிமாறும் முறையில் இரண்டு ஊரும் ஒன்றுதான். ஆனால் அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. சர்வருக்கு இங்கே கோபெஸ் என்று பெயர், யாக்கோபு என்பதன் வட்டார வடிவம். நீல ஏப்ரன் கட்டியிருப்பார், நாக்கு கொஞ்சம் நீளம். நீங்கள் கேட்கக் காத்திருக்க மாட்டார். குவளை காலியானால் அடுத்தது வந்துவிடும், குவளைக்கு அடியில் வைக்கும் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு விழும். போதும் என்றால் அட்டையை எடுத்துக் குவளையின் மேல் மூட வேண்டும். நம் மெஸ்களில் இலையை மடிக்கும்வரை ரசமும் மோரும் வந்துகொண்டே இருக்குமே, அதேதான். எழுந்துபோகும்போது கோடுகளை எண்ணிக் காசு.

குவளை கொலோனில் ஷ்டாங்கே. கழி என்று பொருள். ஒல்லியாக, நெட்டுக்குத்தாக, 0.2 லிட்டர். கோபெஸ் அதை நடுவில் பிடியுள்ள வட்டத் தட்டில் பத்துப் பன்னிரண்டாகச் செருகிக் கொண்டுவருவார். ம்யூனிக்கின் ஒரு லிட்டர் குடுவையைப் பார்த்த கண்ணுக்கு இது மருந்துக் குப்பி போலத் தெரியும், கேலியும் செய்வார்கள். எனக்கு இது மிகுந்த அறிவோடு செய்த ஏற்பாடாகப் படுகிறது. மரப்பீப்பாயிலிருந்து தன் பாரத்தில் இறங்கும் பீரில் வாயு குறைவு, சீக்கிரம் அடங்கிவிடும். அடங்குவதற்குள் குடித்துவிடுகிற அளவுதான் அந்தக் குவளை. ஃபில்டர் காபியைச் சொம்பில் ஊற்றிக் குடிப்போமா? டுசல்டார்ஃப் குவளை கொஞ்சம் குட்டை, கொஞ்சம் அகலம். யூரிகேயில் கால் லிட்டர் பிடிக்கும்.

சாப்பாட்டில் எனக்குச் சந்தேகமே இல்லை, கொலோன்தான். சைவம் சாப்பிடும் நண்பர் ஒருவர் மெனுவில் ‘ஹால்வ ஹான்’ என்பதைப் பார்த்து, அகராதியில் ‘அரைச் சேவல்’ என்று கண்டு முகம் சுளித்தார். வந்ததோ கம்பு நிறத்து ரை ரொட்டி ஒன்று, தடிமனான சீஸ் துண்டு, கடுகு விழுது, நறுக்கிய வெங்காயம். கோழியின் வாசமே இல்லை. கோல்ஷுக்கு இதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியாது. டுசல்டார்ஃபில் கடுகு விழுதின் காரம் அருமை. மூக்கைத் துளைக்கும் அந்தக் காரம் ஆல்ட்டின் கசப்போடு நன்றாகச் சேரும். ஆனால் பச்சைப் பன்றி இறைச்சியை அரைத்து ரொட்டியில் தடவித் தருவது எனக்கு இன்றுவரை இறங்கவில்லை.

இந்தப் பகைக்கு 1288இல் நடந்த வோரிங்கன் போரைக் காரணம் காட்டுவார்கள். டுசல்டார்ஃபுக்கு நகர உரிமை கிடைத்தது அந்தப் போருக்குப் பின்தான், அது உண்மை. ஆனால் கொலோன் குடிமக்கள் அன்று நின்றது தங்கள் பேராயருக்கு எதிராக, டுசல்டார்ஃபை ஆண்ட பெர்க் பிரபுவின் பக்கம்! இதை இரண்டு ஊர் பாரிலும் சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்கத் தயாராக இல்லை.

புதிய கிராஃப்ட் பீர் தேடுபவர்கள் கொலோனில் ஏரன்ஃபெல்ட் பகுதிக்குப் போங்கள். 2001 முதல் இருக்கும் ப்ராவ்ஷ்டெல்லே மிகச் சிறிய மதுவடிசாலை. ஹீலியோஸ் என்று வடிகட்டாத பீர் ஒன்று தருகிறார்கள், செம்பருத்திப்பூ சேர்த்தும் காய்ச்சுகிறார்கள். கொலோன் மண்ணிலேயே ஆல்ட் காய்ச்சும் தைரியமும் அவர்களுக்கு உண்டு.

என் தீர்ப்பைக் கேட்டால், பீர் என்று மட்டும் பார்த்தால் ஆல்ட். ஒரே ஊரில், ஒரே பெயரில் இத்தனை குணங்களைக் கோல்ஷ் எனக்குக் காட்டவில்லை. ஆனால் நண்பர்களோடு மாலை ஆறு மணிக்கு உட்கார்ந்து பத்து மணி வரை பேச வேண்டும் என்றால் பெஃப்கெனின் நீள மர மேஜையைத் தேடித்தான் ரயில் ஏறுவேன். கோல்ஷ் பேச்சுக்கு வழிவிடும், யூரிகே தன்னைப் பற்றிப் பேசவைக்கும். கொலோனின் வட்டார மொழிக்கும் கோல்ஷ் என்றுதான் பெயர், குடிக்கக்கூடிய ஒரே மொழி என்று பெருமைப்படுவார்கள்.

ஒரே ஒரு நாள் இருக்கிறவர்கள் மதியம் கொலோனில் தொடங்குங்கள், மாலை டுசல்டார்ஃப். வரிசையை மாற்றாதீர்கள். யூரிகேயைக் குடித்த நாக்குக்குக் கோல்ஷ் பிடிபடாது. தேதியைத் தேர்ந்தெடுக்க முடியுமென்றால் ஜனவரியிலோ அக்டோபரிலோ மூன்றாவது செவ்வாய்க்கிழமை வாருங்கள். வருடத்தில் அந்த இரண்டு நாள் யூரிகேயில் ‘ஷ்டிக்க’ வரும்: மால்ட்டும் ஹாப்ஸும் கூட்டிக் காய்ச்சிய, ஆறு சதவீதம் தொடும் ஆல்ட். முன்பெல்லாம் வாடிக்கையாளர்கள் காதோடு காதாகச் சொல்லிக்கொள்வார்களாம், பெயரே அதிலிருந்து வந்தது. சீக்கிரமாகவே போய்விடுங்கள், பீப்பாய்கள் வேகமாகக் காலியாகும்.